கோடு நிற்கும் இடமும் கோடு தெரியும் விதமும்: வாசகர் கேள்வி பதில்

வரைபட மென்பொருள்களைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். மாணவர்கள், ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் ஒரே ஐயத்தைச் சுற்றி வருகின்றன. திரையில் தெரியும் கோடு, தரவு சொல்லும் இடத்தில்தான் நிற்கிறதா என்பதே அது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் இங்கே பதில் தருகிறோம். பதில்களில் கணக்கு வரும். அது பெரும்பாலும் கூட்டல், வகுத்தல் அளவில்தான் இருக்கும்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, இணைய உலாவியின் கேன்வாஸ் வசதியைக் கொண்டு வரைபடம் வரையும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். கட்டக் கோடுகள் அனைத்துக்கும் 1 பிக்சல் அகலமும் கறுப்பு நிறமும்தான் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஒன்றுவிட்டு ஒரு கோடு தடித்துச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. விரிவுரையாளர் 0.5 கூட்டிப் பார்க்கச் சொன்னார். கூட்டியதும் மங்கலாக இருந்தவை கூர்மையாகி, கூர்மையாக இருந்தவை மங்கிவிட்டன. என் தோழியின் கணினியிலோ எல்லாக் கோடுகளுமே மங்கலாக இருக்கின்றன. இந்த அரை எங்கிருந்து வருகிறது?
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் வரைபடத்தின் உயரம் 300 பிக்சல் என்றும், அதை 8 பகுதிகளாகப் பிரித்திருக்கிறீர்கள் என்றும் கடிதத்தோடு இணைத்த நிரலிலிருந்து தெரிகிறது. அப்படியானால் கோடுகளுக்கு இடையிலான தூரம் 37.5. கோடுகள் 37.5, 75, 112.5, 150 என்ற இடங்களில் விழுகின்றன. அரையில் முடிபவை கூர்மையாகவும் முழு எண்ணில் விழுபவை மங்கலாகவும் வந்திருக்கும். 0.5 கூட்டியதும் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. ஆக, மென்பொருள் தவறவில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது.

ஓடு பதித்த தரையை நினைத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸில் 74, 75, 76 என்ற எண்கள் ஓடுகளுக்கு உரியவை அல்ல. இரண்டு ஓடுகள் சந்திக்கும் இடைவெளிகளுக்கு உரியவை. 75 என்ற இடத்தில் 1 பிக்சல் அகலக் கோடு போடச் சொன்னால், அது 74.5 முதல் 75.5 வரை பரவும். அதாவது இரு பிக்சல்களை ஆளுக்குப் பாதியாக மூடும். பிக்சலில் பாதியை மட்டும் கறுப்பாக்க முடியாதாகையால், ஆன்டி-அலியாசிங் எனப்படும் விளிம்பு மென்மையாக்கும் முறை இரண்டுக்கும் பாதிக் கறுப்பைக் கொடுத்துவிடுகிறது. 75.5 என்ற இடத்தில் போட்டால், கோடு 75 முதல் 76 வரை ஒரே பிக்சலை முழுமையாக நிரப்பும். கெய்ரோ வரைகலை நூலகம், அச்சுப்பொறிகளுக்கான போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, இணையத்துக்கான எஸ்விஜி பட வடிவம் ஆகியவையும் எண்களை இப்படி விளிம்புகளில்தான் வைக்கின்றன. அகலம் 1, 3, 5 என ஒற்றைப்படையாக இருந்தால் கோட்டின் நடு அரையில் விழ வேண்டும். 2, 4 என இரட்டைப்படையாக இருந்தால் முழு எண்ணில் விழ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றோடும் 0.5 கூட்டுவது அதனால்தான் பாதி வேலையை மட்டுமே செய்தது. முதலில் இடத்தை முழு எண்ணாக்கி, அதன் பிறகு அகலத்தைப் பார்த்து அரையைக் கூட்டுவதே சரியான வரிசை.

இங்கே ஒரு சிறு கணக்கு பலர் கண்ணில் படுவதில்லை. பாதி மூடிய பிக்சலுக்கு 0 முதல் 255 வரையிலான அளவில் 128 என்ற மதிப்பு கிடைக்கிறது. ஆனால் திரை அந்த மதிப்புக்கு வெள்ளையின் பாதி ஒளியை வெளியிடுவதில்லை. எந்த மதிப்புக்கு எவ்வளவு ஒளி என்று வகுக்கும் எஸ்ஆர்ஜிபி வளைவின்படி ஏறத்தாழ 22 விழுக்காடு ஒளியைத்தான் வெளியிடுகிறது. ஒரு பிக்சல் முழுக் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், இரு பிக்சல்கள் தலா 78 விழுக்காடு ஒளியை இழந்து நிற்கின்றன. மொத்தத்தில் கோட்டின் கனம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. நீங்கள் 'தடித்து' என்று எழுதியது வெறும் தோற்ற மயக்கமன்று. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு போட்டுப் பாருங்கள். அதே பிழை எதிர்த்திசையில் வேலை செய்து, இரு பிக்சல்களின் ஒளியும் சேர்ந்து 44 விழுக்காட்டைத்தான் எட்டும். பகல் தோற்றத்தில் முரட்டுத்தனமாகத் தெரியும் கட்டம், இருள் தோற்றத்தில் காணாமல் போவதற்கு இதுவே காரணம்.

உங்கள் தோழியின் கணினியில் திரை உருப்பெருக்கம் 125 விழுக்காடாக இருக்கக்கூடும். அப்போது உலாவி கணக்கிடும் 1 பிக்சல், திரையில் உள்ள 1.25 பிக்சலுக்குச் சமம். நீங்கள் கவனமாகக் கூட்டிய 0.5 அங்கே 0.625 ஆகிவிடுகிறது. அதோடு கேன்வாஸின் உள் அளவை நீங்கள் மாற்றவில்லையென்றால், வரைந்து முடித்த படத்தையே உலாவி இழுத்துப் பெரிதாக்குகிறது. அப்போது எந்தக் கோடும் தப்பாது. உலாவியின் 1 பிக்சல் திரையின் எத்தனை பிக்சலுக்குச் சமம் என்று உலாவியே தரும் 'டிவைஸ்பிக்சல்ரேஷியோ' மதிப்பால் கேன்வாஸின் உள் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி, கோட்டின் இடத்தையும் அகலத்தையும் திரையின் உண்மையான பிக்சலுக்கு மாற்றிய பிறகுதான் முழு எண்ணாக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: இந்த ஒழுங்குபடுத்தலைக் கட்டத்துக்கும் அச்சுகளுக்கும் மட்டும் செய்யுங்கள். அளவீடுகளைக் காட்டும் வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் முழு எண்ணாக்கினால், மெல்ல ஏறும் கோடு படிக்கட்டாகிவிடும். கட்டக் கோடு கூர்மையாக இருக்கட்டும். தரவுக் கோடு தன் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். பைத்தான் நிரல்மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப் கொண்டு ஒரே தரவைப் படிவடிவக் கோடாகவும் சாய்கோடாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், படியின் மூலையும் சாய்கோட்டின் முனையும் சரியாகச் சந்திக்கவில்லை. மென்பொருள் தரவை மாற்றுகிறதா? மாணவர்களுக்கு என்ன சொல்வது?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: தரவை மாற்றவில்லை, வரையும்போது கோட்டை நகர்த்துகிறது. முந்தைய கேள்வியில் வாசகி கையால் செய்ய வேண்டியிருந்ததை மேட்பிளாட்லிப் தானாகவே செய்கிறது. அதற்கு 'ஸ்னாப்' என்று பெயர். கிடைக்கோடுகளும் செங்குத்துக் கோடுகளும் மட்டுமே கொண்ட பாதை என்றால், அதன் முனைகளை அருகிலுள்ள பிக்சலோடு ஒட்டவைக்கும். சாய்கோடு ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தப் பாதையைத் தொடாது. உங்கள் படிவடிவக் கோடு முதல் வகையைச் சேர்ந்தது, சாய்கோட்டு வரைபடம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதனால் முன்னது அரை பிக்சல் வரை நகர்ந்திருக்கிறது, பின்னது நகரவில்லை. மேட்பிளாட்லிப் பயன்படுத்தும் ஆக் வரைகலை நூலகம் ஒரு பிக்சலை ஒவ்வொரு திசையிலும் 256 பங்காகப் பிரித்துக் கணக்கிடுவதால், சாய்கோட்டின் இடம் மிக நுட்பமாகவே காக்கப்படுகிறது.

அந்த அரை பிக்சல் எவ்வளவு பெரிது என்பதை மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். மேட்பிளாட்லிப்பின் இயல்பான படம் 6.4 அங்குல அகலமும், அங்குலத்துக்கு 100 பிக்சலும் கொண்டது. மொத்தம் 640 பிக்சலில் அச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதி 496 பிக்சல். அதில் ஓராண்டின் தரவை வரைந்தால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 17 மணி 40 நிமிடத்தைக் குறிக்கும். அரை பிக்சல் என்பது ஏறத்தாழ 9 மணி நேரம். ஓராண்டுப் படத்தில் 9 மணி நேரத்தைக் கண்ணால் படிக்க எவரும் முயல்வதில்லை. ஆனால் அந்தப் படத்தில் அளவுகோல் வைத்து, நிகழ்வு நண்பகலுக்கு முன்னா பின்னா என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படம் பதில் சொல்லாது, அட்டவணைதான் சொல்லும்.

கண்ணை உறுத்துவது இடத்தைவிட இடைவெளிதான். 10.4 பிக்சல் தூரத்தில் வர வேண்டிய கோடுகள், ஒட்டவைத்த பிறகு 10, 10, 11, 10, 11 என்று வரும். சம இடைவெளி என்று சொல்லிக்கொடுத்த பிறகு மாணவர் அதைக் கவனித்துக் கேட்டால் பாராட்டுங்கள். படிவடிவக் கோட்டுக்கு மட்டும் ஸ்னாப் வசதியை நிறுத்திவிடலாம். அல்லது அங்குலத்துக்கு 300 பிக்சலாகச் சேமிக்கலாம். நகர்வு அப்படியே அரை பிக்சலாக இருந்தாலும் தாளில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பாடநூலுக்கோ தேர்வுத் தாளுக்கோ என்றால் பிடிஎஃப் வடிவமே நல்லது. அதில் ஒட்டவைக்கப் பிக்சலே கிடையாது.

கேள்வி: கப்பல் பட்டறையில் படவரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் காலத்தில் பேனா வைத்து வரையும் பிளாட்டர் இருந்தது. இன்றைய திரையைவிட அது துல்லியமானது என்று பேரனிடம் சொன்னால் சிரிக்கிறான். யார் சொல்வது சரி?
— வாசகர், தோ பாயோ

பதில்: பேரனைச் சற்றே பொறுக்கச் சொல்லுங்கள் ஐயா. 1959இல் வந்த கால்காம்ப் 565 பிளாட்டரின் பேனா ஒரு தடவைக்கு 0.01 அங்குலம் நகர்ந்தது, அதாவது 0.254 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 96 பிக்சல் உள்ள சாதாரண மேசைக்கணினித் திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.265 மில்லிமீட்டர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த அளவில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்தான். பிற்காலப் பிளாட்டர்களின் பேனா ஒரு தடவைக்கு எடுத்துவைக்கும் அடிகள் இதைவிட மிகச் சிறியவை. ஆகவே உங்கள் பட்டறையில் இருந்தது அவ்வகை என்றால் நீங்கள் சொல்வதே சரி. பேரன் கையிலிருக்கும் கைப்பேசித் திரையை மட்டும் இந்தப் போட்டியில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

திரையில் சாய்கோடு போடும் முறையே பிளாட்டரிலிருந்து வந்தது என்பதையும் அவரிடம் சொல்லலாம். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரசென்ஹாம், ஐபிஎம் 1401 கணினியோடு இணைத்த கால்காம்ப் பிளாட்டருக்காக 1962இல் ஒரு வழிமுறையை உருவாக்கி, அதை 1965இல் வெளியிட்டார். பேனா எட்டுத் திசைகளில் ஒன்றில்தான் ஓர் அடி வைக்க முடியும். உண்மையான கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை முழு எண்களின் கூட்டல் கழித்தலாலேயே கணக்கு வைத்துக்கொண்டு, விலகல் அரை அடியைத் தாண்டாதபடி அடுத்த அடியைத் தேர்ந்தெடுப்பதே அந்த முறை. பேனா இருந்த இடத்தில் பிக்சல் வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஒரு பிக்சல் முழுதாக ஒளிரும் அல்லது ஒளிராது என்ற நிலை மாறி, பக்கத்துப் பிக்சல்கள் சாம்பல் நிறத்தைப் பகிர்ந்துகொள்ளும் கோடுகள் பரவிய பிறகுதான், அரை அடிக்கும் குறைவான விலகலைக் கண்ணுக்குக் காட்ட முடிந்தது. அவ்வகைக் கோட்டை விரைவாக வரைய ஷியாவோலின் வூ 1991இல் வெளியிட்ட முறை இன்றும் பாடத்தில் இருக்கிறது.

கேள்வி: வீட்டு மாடியில் வெப்பமானி வைத்துப் பதிவு செய்கிறேன். ஒரு நாளின் உச்சம் 33.8 பாகை என்று அட்டவணையில் இருக்கிறது. வரைபடத்திலோ அந்தச் சிகரம் 34 பாகைக் கோட்டைத் தெளிவாகத் தாண்டி நிற்கிறது. இன்னொரு விந்தை: படத்தைச் சுருக்கினால் அதே சிகரம் திடீரெனத் தாழ்ந்துவிடுகிறது.
— வாசகர், பிடோக்

பதில்: நல்ல கண் உங்களுக்கு. இரண்டு விந்தைகளுக்கும் காரணம் ஒன்றே. கோட்டுக்கு அகலம் இருக்கிறது. இரு துண்டுகள் சந்திக்கும் மூலையை எப்படி முடிப்பது என்பதை மென்பொருள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. 'மைட்டர்' எனும் முறையில், இரு துண்டுகளின் வெளி விளிம்புகளும் ஒன்றையொன்று சந்திக்கும்வரை நீட்டப்பட்டு, மூலை ஈட்டி முனைபோல் கூராக முடிகிறது. கோணம் எவ்வளவு குறுகலோ அவ்வளவுக்கு அந்த முனை தரவுப் புள்ளியைத் தாண்டி நீளும்.

இது எல்லையின்றி நீளக் கூடாது என்பதற்காக 'மைட்டர் லிமிட்' என்ற வரம்பு இருக்கிறது. பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட், கேன்வாஸ் ஆகியவற்றில் அதன் இயல்பான மதிப்பு 10, எஸ்விஜியில் 4. மதிப்பு 10 என்றால் முனை, கோட்டின் அகலத்தைப்போல் 5 மடங்கு வரை தரவுப் புள்ளிக்கு மேலே போக அனுமதி உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் 22 முதல் 38 பாகை வரையிலான 16 பாகை, 400 பிக்சல் உயரத்தில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 25 பிக்சல். கோட்டின் அகலம் 3 பிக்சல். ஆகவே சிகரம் 15 பிக்சல் வரை, அதாவது 0.6 பாகை வரை, பொய்யாக உயரலாம். 33.8 என்பது 34.4 என்று தெரிய இடமிருக்கிறது.

கோணம் ஏறத்தாழ 11.5 பாகையைவிடக் குறுகிவிட்டால் அந்த வரம்பு தாண்டப்பட்டு, மென்பொருள் முனையை மொட்டையாக வெட்டிவிடும். படத்தைக் கிடைவாட்டில் சுருக்கும்போது ஏற்றமும் இறக்கமும் நெருங்கிக் கோணம் குறுகுகிறது. வரம்பைக் கடந்த கணத்தில் சிகரம் சட்டென்று தன் உண்மையான உயரத்துக்கு அருகில் இறங்கிவிடுகிறது. இதன் விளைவு வேடிக்கையானது. மிகக் கூரான சிகரம் ஏறக்குறைய உண்மையைச் சொல்லும். சற்றே அகன்ற சிகரம் மிகைப்படுத்தும். 33.6 பாகை, பக்கத்திலுள்ள 33.8 பாகையைவிட உயரமாகத் தெரிவதும் நடக்கும். அறிக்கைகளில் இப்படிப்பட்ட படத்தைப் பார்த்து 'அன்றுதான் அதிக வெப்பம்' என்று எழுதிவிடும் அபாயம், பிக்சல் மங்குவதைவிட எனக்குக் கவலை தருவது. மங்கல் உடனே கண்ணில் படுகிறது. இது சரியான படம்போலவே தோற்றமளிக்கிறது.

மூலையை வட்டமாக முடிக்கும்படி மாற்றிவிடுங்கள். அப்போது சிகரம் கோட்டின் பாதி அகலத்துக்கு மேல் உயராது. உங்கள் படத்தில் அது 1.5 பிக்சல், அதாவது 0.06 பாகை. மேட்பிளாட்லிப் தரவுக் கோடுகளை இயல்பாகவே வட்ட மூலையோடு வரைகிறது. ஆனால் கோட்டின் இரு முனைகளையும் பாதி அகலம் வெளியே நீட்டியே முடிக்கிறது. கடைசி நாளின் கோடு அந்த நாளைத் தாண்டிச் சற்றே போவதுபோல் தோன்றினால் காரணம் அதுதான்.

கேள்வி: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவான ஓராண்டு மழைத் தரவை வரைந்தேன். நிரல் மிகவும் மெதுவாக ஓடியதால், 100 அளவீட்டுக்கு ஒன்று என எடுத்து வரைந்தேன். வேகம் கூடியது, ஆனால் எங்கள் வட்டாரத்தில் வெள்ளம் வந்த நாளின் மழையே படத்தில் இல்லை. சராசரி எடுத்தாலும் அது சிறு மேடாகத்தான் தெரிகிறது.
— வாசகர், ஈசூன்

பதில்: ஓராண்டில் 105,120 அளவீடுகள். 800 பிக்சல் அகலப் படத்தில் ஒவ்வொரு பிக்சல் நிரலுக்கும் (மேலிருந்து கீழாக ஒரு பிக்சல் அகலத்தில் நிற்கும் வரிசைக்கும்) 131 அளவீடுகள் வந்து சேர்கின்றன. எல்லாவற்றையும் வரைவது வீண்தான். ஆனால் எதை விடுவது என்பதில்தான் படத்தின் நேர்மை இருக்கிறது. 100க்கு ஒன்று என்றால் 8 மணி 20 நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் பிற்பகல் இடிமழைக்கு 12 அளவீடுகள்தான் உண்டு. அவற்றில் ஒன்று அகப்படும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு. நம் ஊர் மழைக்கு இந்த முறை சற்றும் பொருந்தாது. சராசரியோ அந்த 12 அளவீடுகளை மற்ற நூற்றுச் சொச்சம் வறண்ட அளவீடுகளோடு கலந்து நீர்த்துப்போகச் செய்கிறது.

ஒவ்வொரு பிக்சல் நிரலிலும் மிகக் குறைந்த மதிப்பையும் மிக உயர்ந்த மதிப்பையும் காப்பாற்ற வேண்டும் என்பது பலருக்கும் தோன்றும் வழி. அது சிகரங்களைக் காப்பாற்றும். ஆனால் ஒரு நிரலிலிருந்து அடுத்த நிரலுக்குச் செல்லும் இணைப்புக் கோடு இடம் மாறிவிடும். ஏனெனில் அந்த இணைப்பு, முதல் நிரலின் கடைசி அளவீட்டிலிருந்து இரண்டாம் நிரலின் முதல் அளவீட்டுக்குப் போகிறது. உவே ஜூகல் குழுவினர் 2014இல் வெளியிட்ட எம்4 முறை இதைக் கணக்கில் கொண்டு, ஒவ்வொரு நிரலுக்கும் முதல், கடைசி, மிகக் குறைந்த, மிக உயர்ந்த மதிப்புகள் என நான்கை வைத்துக்கொள்கிறது. உங்கள் படத்துக்கு அதிகபட்சம் 3,200 புள்ளிகள் போதும். விளிம்பை மென்மையாக்காத இருநிறக் கோட்டுப் படத்தில், முழுத் தரவையும் வரைந்தால் வரும் அதே பிக்சல்கள்தான் இதிலும் வரும், ஒன்றுகூட மாறாது. மென்மையாக்கிய கோட்டில் சிறு வேறுபாடு வரும். கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒரே நிபந்தனை: நிரல்களின் எல்லை, படத்தின் உண்மையான பிக்சல் எல்லையோடு பொருந்த வேண்டும். சாளரத்தின் அகலத்தை மாற்றினாலும், ஒரு பகுதியைப் பெரிதாக்கினாலும், மூலத் தரவிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். 800 பிக்சலுக்குத் தயாரித்ததை 1,200 பிக்சலில் காட்டினால் அந்த உறுதி போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மழையைக் கோடாக வரைவதே எனக்கு உடன்பாடில்லை. வெப்பநிலை இரு அளவீடுகளுக்கு இடையிலும் இருக்கிறது. கோட்டால் இணைப்பதில் பொருள் உண்டு. ஐந்து நிமிடத்தில் பெய்த மழை என்பது ஒரு கூட்டுத்தொகை. அதை நாள்தோறும் கூட்டி 365 கம்பங்களாக வரைந்தால், மேற்சொன்ன சிக்கல் எதுவும் வராமலே அந்த வெள்ள நாள் தலைதூக்கி நிற்கும். மழையின் தீவிரத்தைக் காட்ட வேண்டுமென்றால், ஒவ்வொரு நாளின் மிகக் கனமான ஒரு மணி நேர மழையை இன்னொரு வரிசைக் கம்பங்களாக வரையுங்கள்.

கேள்வி: ஆய்வேட்டுக்காக நிறப் பட்டைகளால் ஆன சமவுயர வரைபடம் ஒன்றைப் பிடிஎஃப் ஆகச் சேமித்தேன். பட்டைகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. அச்சிட்டால் காணோம்.
— வாசகி, செங்காங்

பதில்: கோப்பில் அப்படிக் கோடு எதுவும் இல்லை, அவை படத்தைக் காட்டும் மென்பொருளின் கணக்கில் பிறப்பவை. இரு பட்டைகளின் எல்லை ஒரு பிக்சலின் நடுவில் விழுந்தால், முதல் பட்டை அதில் பாதியை நிரப்புகிறது. அடுத்த பட்டை, மீதமுள்ள வெள்ளையின் இடத்தை அறியாமல், இருப்பதன் மேல் பாதியைப் பூசுகிறது. மொத்தம் 75 விழுக்காடுதான் நிரம்பும். 25 விழுக்காடு வெள்ளை கசியும். அச்சுப்பொறியின் புள்ளிகள் மிகச் சிறியவை என்பதால் அங்கே தெரிவதில்லை. ஒவ்வொரு பட்டைக்கும் அதன் சொந்த நிறத்திலேயே மெல்லிய விளிம்புக் கோடு கொடுத்தால் மறைந்துவிடும். பட்டைகள் ஒளி ஊடுருவும் நிறங்களில் இருந்தால் மட்டும் இது உதவாது. விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கருமையாகிவிடும். அப்போது வண்ணப் பகுதியை மட்டும் பிக்சல் படமாக்கி, அச்சுகளையும் எழுத்துகளையும் பிடிஎஃப் கோடுகளாகவே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நில அளவைத் துறையில் வேலை. உலாவியில் வரைகலைச் செயலியை (கணினியின் ஜிபியு சில்லை) பயன்படுத்தி, நடைபாதைகளின் அளவீடுகளை வரைபடத்தின் மேல் காட்டுகிறேன். தீவு முழுவதும் தெரியும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு வீவக புளோக்கின் அளவுக்குப் பெரிதாக்கினால் பாதைகள் படிக்கட்டுகளாகி, நகர்த்தும்போது நடுங்குகின்றன. கிழக்கு மேற்காக மட்டுமே இப்படி. வடக்கு தெற்காகச் சிக்கல் இல்லை. அளவைக் கருவியின் பிழையா?
— வாசகர், ஜூரோங் ஈஸ்ட்

பதில்: கருவியின்மேல் பழி வேண்டாம். கிழக்கு மேற்காக மட்டும் என்று நீங்கள் குறிப்பிட்டதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. வரைகலைச் செயலிகள் பெரும்பாலும் எண்களை 32 பிட், அதாவது 32 இரும இலக்கங்கள் கொண்ட, மிதவைப் புள்ளி வடிவில் கையாளுகின்றன. அந்த வடிவில் பெறுமான இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட். எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையிலான இடைவெளியும் பெரிதாகும்.

சிங்கப்பூரின் தீர்க்கரேகை 103.8 பாகையை ஒட்டியது. 64க்கும் 128க்கும் இடையில் 32 பிட் எண்களின் இடைவெளி 0.0000076 பாகை. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், அது தரையில் 85 சென்டிமீட்டர். அட்சரேகையோ 1.35 பாகைதான். 1க்கும் 2க்கும் இடையில் அந்த இடைவெளி தரையில் 1.3 சென்டிமீட்டர். ஆகவே உங்கள் நடைபாதை வடக்கு தெற்காகச் சென்டிமீட்டர் கணக்கிலும், கிழக்கு மேற்காக முக்கால் மீட்டருக்கும் மேற்பட்ட தாவல்களிலும் வரையப்படுகிறது. தீவு முழுவதையும் காட்டும்போது ஒரு பிக்சலே பல மீட்டர் என்பதால் இது தெரிவதில்லை.

எளிய தீர்வு, சிங்கப்பூரின் நில அளவை ஆயமுறையான எஸ்விஒய்21 முறையின் மீட்டர் அளவுகளையே பயன்படுத்துவது. அதன் தொடக்கப்புள்ளி சிங்கப்பூரிலேயே இருப்பதால் எண்கள் சில பத்தாயிரங்களைத் தாண்டுவதில்லை. 32 பிட் வடிவிலும் இடைவெளி 4 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. பின்னணி வரைபடம் பாகைகளை வற்புறுத்தினால், திரையின் நடுவிலுள்ள இடத்தை ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் 64 பிட் கணக்கில் கழித்துவிட்டு, மிஞ்சும் சிறு வேறுபாட்டை மட்டும் வரைகலைச் செயலிக்கு அனுப்புங்கள். கழித்தலைச் செயலிக்குள் செய்தால் பயனில்லை. இலக்கங்கள் உள்ளே போகும்போதே உதிர்ந்துவிட்டிருக்கும். பெரிதாக்கும்போதும் நகர்த்தும்போதும் பயன்படும் அணியில் (மேட்ரிக்ஸில்) பழைய பெரிய எண் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; நடுக்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

நேர அச்சிலும் இதையே செய்ய வேண்டும். 1970 முதல் மில்லிவினாடிகளில் எண்ணும் இன்றைய நேரத்தை 32 பிட் வடிவில் அனுப்பினால், அடுத்தடுத்த இரு எண்களின் இடைவெளி 131 வினாடி. ஐந்து நிமிட அளவீடுகள் ஒவ்வொன்றும் 65 வினாடி வரை முன்னும் பின்னும் தள்ளாடும். ஒரு நிமிட அளவீடுகள் இரண்டு மூன்றாக ஒரே செங்குத்துக் கோட்டில் குவிந்துவிடும். தரவின் முதல் நேரத்தைக் கழித்துவிட்டு அனுப்புங்கள். அச்சில் எழுதும்போது மட்டும் அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம்.